மூளையின் கையெழுத்து

ஈ.சி.ஜி. என்றால் நம்மூரில் அறியாதவர் இல்லை. நெஞ்சு லேசாக வலித்தது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப் பார்த்தோம் என்று திருமண வீட்டுப் பந்தியிலேயே சொல்லிக்கொள்வார்கள். நடுவெழுத்து ஒன்று மாறி ஈ.ஈ.ஜி. என்று ஆகிவிட்டால் போதும், கேட்பவரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. இதயத்தின் மின்னோட்டத்தை அளப்பது சோதனையாகவும், மூளையின் மின்னோட்டத்தை அளப்பது ஒளித்துவைக்க வேண்டிய செய்தியாகவும் எப்படி ஆயின என்பது எனக்கு விளங்கியதில்லை. கலைச்சொல் ஆக்கியோர் இதற்கு 'மூளை மின்னலை வரைவு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். மக்கள் வழக்கில் அது 'தலைக்கு ஒயர் வச்சுப் பாக்கிறது'. இரண்டாவது பெயரில்தான் அச்சம் குடியிருக்கிறது.

நான் தமிழ் கற்பிப்பவள், மருத்துவம் கற்றவளல்லள். ஆயினும் 2023ஆம் ஆண்டில் இச்சோதனைக்கு இருமுறை தலை கொடுத்தவள் என்ற தகுதியில் சிலவற்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். நோயாளி அறிந்திருக்க வேண்டியவை என்று மருத்துவமனையில் தரும் துண்டுத்தாள் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அதில் இல்லாதவை பல.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம், முதுகலை இரண்டாமாண்டு வகுப்பில் தொல்காப்பியப் பிறப்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். எழுத்துகள் உடலின் எவ்வெவ்விடங்களில் பிறக்கின்றன என்று சொல்லும் இயல் அது. அதன் இடையில் என் பேச்சு நின்றுவிட்டதாம். 'ஆம்' என்று எழுதுவதற்குக் காரணம், எனக்கு அது நினைவில் இல்லை என்பதே. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நான் பலகையைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். முந்தானை நுனியை வலக்கையால் திரும்பத் திரும்பத் திருகியிருக்கிறேன். மாணவியர் அழைத்ததற்கு மறுமொழி இல்லை. பின்னர் ஏதோ சொல்ல முயன்றபோது சொற்கள் சொற்களாக வரவில்லை என்றார்கள். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. களைப்பு என்று நானும், இரத்த அழுத்தம் என்று உடன் பணிபுரிவோரும் சொன்னோம். அடுத்த மாதம் வீட்டில், சமையலறையில் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. சொல்லை வைத்துப் பிழைப்பவளுக்குச் சொல் நின்றுபோவது எத்தகைய அச்சம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நரம்பியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி என்னை நோக்கியதன்று. என்னுடன் வந்தவரை நோக்கியது. "நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று என் கணவரைக் கேட்டார். சோதனைக்குச் செல்பவர் முதலில் அறிய வேண்டியது இதுதான். நிகழ்வைக் கண்ணால் கண்ட ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிடக் காட்சி பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது. வலிப்பு நோயை முடிவு செய்வதில் முதலிடம் நிகழ்ந்தது பற்றிய விவரிப்புக்கே. வரைவு அதற்குத் துணை நிற்கும் சான்று. உரையாசிரியர் துணையாவாரேயன்றி மூலமாகார் என்று எங்கள் வகுப்பில் சொல்வதைப் போன்றது அது.

*

மூளையின் நரம்பணுக்கள் மின்குறிகளால் ஒன்றோடொன்று உறவாடுகின்றன. பல்லாயிரக்கணக்கான அணுக்கள் ஒருசேர இயங்கும்போது எழும் மின்னழுத்த மாற்றம், மண்டையோட்டையும் தோலையும் கடந்து மிக நலிந்த அலையாக வெளியே தெரிகிறது. அதன் அளவு ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் இதைப்போல் முப்பதாயிரம் மடங்கு. இவ்வளவு நுண்ணிய ஒன்றைப் பெருக்கி வரைவதே கருவியின் பணி. கருவி கேட்கிறது, எழுதுகிறது. அதிலிருந்து தலைக்குள் மின்சாரம் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இல்லை. 'ஷாக் கொடுப்பார்களாம்' என்று எனக்குச் சொன்னவர்கள் மூவர், மூவரும் பட்டதாரிகள். மனநல மருத்துவத்தில் மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்அதிர்வுச் சிகிச்சை வேறு, இது வேறு.

1875இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் ரிச்சர்ட் கேட்டன் என்னும் மருத்துவர் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். மனித மூளையின் அலையை முதலில் வரைந்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் முதல் பதிவு. 1929இல்தான் அதை வெளியிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் தாம் காண்பது மூளையின் அலைதானா, கருவியின் பிழையா என்று ஐயுற்று, மீண்டும் மீண்டும் சோதித்தார். தம் மகன் கிளாசின் தலையிலும் வைத்துப் பார்த்தார். இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பிய நாளில், தொலைவிலிருந்த தம் தமக்கை அதை உணர்ந்து தந்தையைத் தந்தி அனுப்பச் செய்தார் என்பது அவர் வாழ்வில் மறவாத நிகழ்ச்சி. மனம் மனத்தோடு பேசும் வழியைத் தேடிப் புறப்பட்டவர் கையில், கண்ணை மூடினால் எழுந்து கண்ணைத் திறந்தால் அடங்கும் ஓர் அலை அகப்பட்டது. நொடிக்கு 8 முதல் 13 வரை ஏறி இறங்கும் அதை ஆல்ஃபா அலை என்கிறோம். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூசும் அதை உறுதிப்படுத்திய பிறகே உலகம் அவரை நம்பியது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்ததால் பயனடைந்தவர்களுள் நானும் ஒருத்தி.

*

இனிச் செல்வதற்கு முன் செய்ய வேண்டியவை.

எங்கள் வீட்டில் முதல் சிக்கல் எண்ணெயால் வந்தது. சோதனைக்கு உரிய நாள் வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுந்தலையோட ஆஸ்பத்திரிக்குப் போவியாம்மா?" என்று என் மாமியார் கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம் அத்தை" என்று சொல்லிப் புரியவைக்கப் பெரும்பாடாயிற்று. தலைத்தோலில் எண்ணெய் இருந்தால் மின்வாய்கள் ஒட்டா. அலை சிதைந்து வரும். ஆகவே முதல்நாள் இரவோ அன்று காலையோ ஷாம்பு போட்டு நன்கு அலசி, ஈரம் உலர்த்திச் செல்ல வேண்டும். எண்ணெய், கண்டிஷனர், ஹேர்ஜெல் எதுவும் கூடாது. பூ வேண்டாம், கொண்டை ஊசிகள் வேண்டாம். தோடு, மூக்குத்தி பற்றி முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பின்னலை அவிழ்த்தே வைத்திருக்கலாம், எப்படியும் அவிழ்க்கச் சொல்வார்கள்.

வெறும் வயிற்றோடு செல்லக் கூடாது. இரத்தப் பரிசோதனை போலத்தான் இதுவும் என்று எண்ணிப் பட்டினியாக வருவோர் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் மூளையலையும் மாறும். ஆகவே வழக்கமான உணவை உண்டுவிட்டே செல்ல வேண்டும். காபி, தேநீர் மட்டும் சோதனைக்கு முந்தைய எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் தவிர்க்கச் சொல்வார்கள். குழந்தைகளுக்குத் தூங்குவதற்காக மருந்து கொடுக்க நேர்ந்தால் உணவு பற்றிய விதி மாறக்கூடும். அதைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சோதனையில் உண்மை தெரியட்டுமே என்று வலிப்பு மாத்திரையை இரண்டு நாள் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். திடீரென நிறுத்துவதே கடும் வலிப்பை வரவழைக்கக்கூடும். நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். அவர் சொல்லவில்லையென்றால் வழக்கம்போல் உட்கொண்டு, உண்ணும் மருந்துகள் அனைத்தின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்.

அறையில் ஒரு கட்டிலும் ஒரு கணினியும் இருந்தன. சோதிக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். துணி அளக்கும் நாடா போன்ற ஒன்றால் என் தலையை அளந்தார். மூக்கின் வேர்ப்பள்ளம் முதல் பின்மண்டை மேடு வரை ஒன்று, காதிலிருந்து காதுக்கு ஒன்று. அந்த நீளங்களைப் பத்து, இருபது விழுக்காடுகளாகப் பிரித்துச் சிவப்புப் பென்சிலால் புள்ளியிட்டார். 1958இல் ஜாஸ்பர் வகுத்த முறை இது, 21 இடங்கள். இடப்பக்கம் ஒற்றைப்படை எண்களும் வலப்பக்கம் இரட்டைப்படை எண்களும் பெறும். உலகின் எந்த மருத்துவமனையில் எடுத்தாலும் ஒரே இடம் ஒரே பெயரால் குறிக்கப்படும் என்பதால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடிகிறது. ஒவ்வொரு புள்ளியையும் சொரசொரப்பான பசையால் தேய்த்துச் சிறு கிண்ணம் போன்ற மின்வாயை ஒட்டினார். தேய்க்கும்போது சற்று எரிச்சல் உண்டு. ஊசி இல்லை, வலி இல்லை. ஒட்டுவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. பதிவு அரைமணி நேரம்போல் நடக்கும்.

"டீச்சர், கண்ணை மூடிக்கிட்டு சும்மா படுங்க, பல்லைக் கடிக்காதீங்க" என்றார். பல்லைக் கடித்தால், விழுங்கினால், இமைத்தால், புருவத்தை நெரித்தால் அனைத்தும் வரைவில் பதிகின்றன. மூளையின் அலையைவிடத் தசையின் மின்னோட்டம் வலியது. நம் சுவர்களில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் இடையில் புகும். கைப்பேசியை அணைக்கச் சொல்வார்கள். அவர் சொல்லும்போது கண்ணைத் திறந்து மூடுவதும், அசையாமல் கிடப்பதுமே நம் வேலை.

பின்னர் மூன்று நிமிடம் ஆழ்ந்து, வேகமாக மூச்சுவிடச் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில் விரல்நுனியும் உதடும் மரத்தாற்போல் ஆயின, தலை லேசாயிற்று. இது எதிர்பார்க்கப்படுவதே, நிறுத்தியதும் போய்விடும். ஆனால் அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள், கடுமையான இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும்; இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். அடுத்து, மூடிய கண்களுக்கு எதிரே வெவ்வேறு வேகத்தில் ஒளி மின்னியது. ஒளியால் வலிப்பு தூண்டப்படுகிறவர்கள் சிலர் உண்டு. அதைக் கண்டறியவே இது. அங்கேயே வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்றார். வந்தாலும் அது சோதனைக்குப் பயன் தருவதேயாகும், கவனித்துக்கொள்ளவும் ஆள் உண்டு.

*

முதல் சோதனையின் அறிக்கை 'இயல்பு' என்று வந்தது. வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். "ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு" என்று நாத்தனார் தொலைபேசியில் நான்கு பேருக்குச் சொன்னார். மருத்துவர் மட்டும் மகிழவில்லை. அவர் சொன்னதைத்தான் இக்கட்டுரையின் மையமாகக் கொள்கிறேன். வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் முதல் வரைவில் அதன் அடையாளம் தெரிவது ஏறக்குறையப் பாதிப்பேருக்கே. கருவி கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அரைமணியில் மூளை தன் கோளாறைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூளையின் ஆழத்திலும் மடிப்புகளின் உட்புறத்திலும் எழும் அலை மேலே வராமலும் போகலாம். ஆகவே இயல்பான வரைவு நோயின்மைக்குச் சான்றன்று. இதற்கு மறுதலையும் உண்டு. வலிப்பே வந்திராத நலமுடையோர் சிலரது வரைவில் கூர்முனை அலைகள் தோன்றுவதுண்டு. நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிலோ அதற்கும் குறைவாகவோ. தலைவலிக்காக எடுத்த வரைவில் அப்படி ஏதேனும் தெரிந்தது என்பதற்காக ஒருவர் ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டியதில்லை. தாளுக்கு வைத்தியம் இல்லை, ஆளுக்குத்தான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே, இது எதற்கு என்றும் பலர் கேட்கிறார்கள். எம்.ஆர்.ஐ. வீட்டின் கட்டட வரைபடம் போன்றது. சுவரில் விரிசல் உண்டா என்று சொல்லும். வீட்டிற்குள் என்ன பேச்சு நடக்கிறது என்பதை அது சொல்லாது. எனக்கு எம்.ஆர்.ஐ.யில் குறையேதும் தெரியவில்லை.

இரண்டாவது சோதனை உறக்கம் குறைத்து எடுக்கப்பட்டது. உறக்கமின்மையும், அதன்பின் வரும் உறக்கமும் மறைந்துள்ள அலைகளை வெளிக்கொணரும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். நள்ளிரவு முதல் நான்கு மணி வரை மட்டும் தூங்கலாம், பின்னர் கண் அயரக் கூடாது என்று எனக்குக் கட்டளை. நான்கு மணிக்கு எழுந்து விடைத்தாள் திருத்த அமர்ந்தேன். அதைவிடத் தூக்கம் வரவழைக்கும் வேலை வேறில்லை என்பதால், என் மகள் எழுந்துவந்து தாயக்கட்டையை எடுத்துவைத்தாள். விடியும் வரை ஆடினோம். இத்தகைய நாளில் தாமே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது, திரும்பும்போதும் அப்படியே. மருத்துவமனைக் கட்டிலில் படுத்த சில நிமிடங்களிலேயே உறங்கிவிட்டேன்.

இம்முறை தெரிந்தது. இடது நெற்றிப்பொட்டுக்கு உட்புறம், காதுக்கு மேலுள்ள மூளைப் பகுதியிலிருந்து கூரிய அலைகள். வலக்கைப் பழக்கமுடைய பெரும்பாலோர்க்கு மொழி குடியிருப்பது இடப்பக்க மூளையில்தான். மருத்துவர் கணினித் திரையில் காட்டினார். ஒரு திரைக்குப் பத்து நொடி. அரைமணிப் பதிவு நூற்றெண்பது பக்கம் கொண்ட நூல். அதில் ஏழெட்டுப் பக்கங்களில் மட்டும், ஒழுங்காகச் செல்லும் வரிகளுக்கிடையே ஒரு கூர்முனை எழுந்து அடங்கியது. ஏட்டுச்சுவடியில் பாடபேதம் தேடுவோரின் கண்ணோடு அவர் அதைப் படித்தார். சோதிக்கும் பெண்ணிடம் "என்ன தெரிகிறது?" என்று நான் முன்பு கேட்டபோது அவர் சிரித்துவிட்டுப் பேசாதிருந்ததன் காரணம் அப்போது விளங்கியது. எடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு. முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருக்கத்தான் வேண்டும்.

*

நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். 'கால் கை வலிப்பு' என்பதே பேச்சில் மருவிக் 'காக்காய் வலிப்பு' ஆயிற்று என்பர். மருவிய பின் காகத்தை வைத்துக் கதைகளும் கிளைத்தன. பெயரே காலையும் கையையும் சொல்வதால், அவை இழுக்காவிட்டால் அது வலிப்பே அன்று என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். எனக்குக் காலும் இழுக்கவில்லை, கையும் இழுக்கவில்லை; பேச்சுதான் நின்றது. வகுப்பில் சில நொடிகள் விழித்தபடி உறைந்துபோகும் குழந்தைகளுக்கும் இதுவே. அவர்களைக் கனவு காண்பதாகக் கண்டிப்பதுண்டு. அவ்வகையில் நொடிக்கு மூன்று என்று எழும் கூர்முனை அலையை இச்சோதனை தெளிவாகக் காட்டிவிடும். பெரும்பாலும் அந்த மூன்று நிமிட மூச்சுப் பயிற்சியிலேயே வெளிப்படும்.

இன்னோர் அச்சம், மனத்திலுள்ளதைக் கருவி படித்துவிடும் என்பது. எதிர்வீட்டு மூதாட்டி என் காதருகே வந்து, "நினைக்கிறதெல்லாம் தெரிஞ்சிருமாமே?" என்றார். தெரியாது. விழிப்பா உறக்கமா, அலை சீரா கோளாறா என்பதுதான் தெரியும். குற்றப் புலனாய்வில் மூளையலைகளைக் கொண்டு செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதையும் ஒருவரது இசைவின்றிச் செய்யலாகாது என்று 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையில் நடப்பது அதுவன்று.

இவ்வளவும் எளிது. எளிதல்லாதது வீட்டிற்குள் நடந்தது. "கட்டிக்கொடுக்க வேண்டிய பொண்ணு வீட்டுல இருக்கா. வெளியில சொல்லிக்கிடாதீங்க" என்றார் நாத்தனார். அவர் என்மேல் அன்புடையவர். அதனால்தான் அப்படிச் சொன்னார். என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது உண்மை. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அச்சொல்லை 1999ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. வீட்டுக்கூடத்திலிருந்து எடுக்க இன்னும் எத்தனை ஆண்டுகளோ.

நான் மறைக்கவில்லை. மறைப்பதில் இடர் உண்டு என்பதே முதற் காரணம். மீண்டும் வகுப்பில் வந்தால் என் மாணவியர் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே துறைத்தலைவரிடமும் இரண்டு வகுப்புகளிலும் சொன்னேன். கையில் இரும்பு கொடுக்க வேண்டாம், வெங்காயம் முகர்த்த வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்சை அழையுங்கள். அன்று மாலை ஒரு மாணவி துறையறைக்கு வந்து நின்றாள். எட்டாம் வகுப்பிலிருந்து தானும் மாத்திரை உண்பதாகவும், விடுதித் தோழியருக்குக்கூடத் தெரியாதென்றும், மாத்திரையைத் திருநீற்றுப் பைக்குள் வைத்திருப்பதாகவும் சொன்னாள். அவள் அறைத்தோழியிடம் சொல்வதற்கு நானும் உடன் சென்றேன்.

என் இரு வரைவுகளின் அறிக்கைகளும் ஒரே உறையில் உள்ளன. முதலாவது இயல்பு, இரண்டாவது இயல்பன்று. இரண்டையும் வைத்திருங்கள் என்றார் மருத்துவர். பழையதோடு ஒப்பிடாமல் புதியதைப் படிக்க முடியாதாம். காலை ஒன்று, இரவு ஒன்று என மாத்திரை. இரண்டாண்டுகளாகப் பேச்சு நிற்கவில்லை. மருத்துவர் இசைவு தந்த பிறகே மீண்டும் ஸ்கூட்டியை எடுத்தேன். உறையின் மேல் 'அம்மா – ஈ.ஈ.ஜி.' என்று என் மகள் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் அட்டையும் பத்திரமும் இருக்கும் அலமாரித் தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறாள். நாத்தனார் வரும்போதும் அது அங்கேயேதான் இருக்கிறது.